கோழி கூவும் வரை

"சனிக்கிழமை வரைக்கும்னா, சனிக்கிழமையும் சேத்தா, சேக்காமலா?"

தையற்காரர் பெருமூச்சு விடுகிறார். சனிக்கிழமை வரை தள்ளுபடி என்று பலகை மாட்டிய பாவத்துக்குக் கிடைத்த தண்டனை இது. திர்சித் விடுவதாயில்லை. "சேத்துதான்னா, கடை மூடற வரைக்குமா, நீங்க தூங்கற வரைக்குமா?"

அடிஸ் அபாபாவில் கணினி நிரல் எழுதிப் பிழைப்போர் பலர். இவளுடைய துறை மட்டும் மிகக் குறுகியது: ஒரு தேதி, இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கிறதா, இல்லையா? தொடக்கத்துக்கு முந்தியதும் இல்லை, முடிவுக்குப் பிந்தியதும் இல்லை என்றால் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. இதற்கெல்லாமா சம்பளம் தருகிறார்கள் என்று அவள் அண்ணனே வியந்திருக்கிறான். "நடுவுல இருக்கறத யாரு வேணா சொல்லிடலாண்ணா. ஓரத்துலதான் உயிர் போகும்" என்றாள்.

போன ஈஸ்டருக்கு அப்படித்தான் போனது. அவள் வேலை பார்ப்பது, வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பும் செயலி ஒன்றில். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு தொடங்கினால் செயலி இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் ஒளித்துவைக்கும், முடிந்ததும் காட்டிச் சத்தமாக அறிவிக்கும். முடிவு சனிக்கிழமை என்று எழுதிவிட்டாள். கணினிக்குச் சனிக்கிழமை நடுநிசியோடு சரி. ஊருக்கோ, பூசை முடிந்து கோழி கூவ வேண்டும். முதலாளி கெத்தாஹுனின் மாமியார் வெள்ளைத்துணி போர்த்தி, கண்மூடி ஜெபத்தில் நின்றபோது, அவர் கைப்பேசி விழித்துக்கொண்டு, நெய்யில் பிசைந்த மாட்டுக்கறி தயார் என்று கோயில் அதிர அறிவித்தது. வாரக்கணக்கில் பருப்பு தின்ற சபை முழுவதும் திரும்பியது. சிலர் கடை விலாசம் கேட்டதாகவும் வதந்தி.

"இந்த வருசமும் அத்தை போன் கத்துச்சுன்னா, நீ வேற வேலை பாத்துக்கம்மா" என்றார் கெத்தாஹுன். "நான் வேற வீடு பாத்துக்கறேன்."

திர்சித் நேரே பாதிரியாரிடம் போனாள். நோன்பு எப்போது முடியும்? கோழி கூவும்போது. எந்தக் கோழி? ஆசீர்வதிக்க உயர்த்திய சிலுவை பாதியில் நின்றது.

"சட்டிக்குள்ள போகாம மிச்சம் இருக்கற கோழி எதுவோ, அது" என்றார். பிறகு இரங்கி, இரவு ஒன்பது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் ஊர்க் கடிகாரம் இரவைப் பொழுது சாயும் ஆறு மணியிலிருந்து எண்ணும். பாதிரியாரின் ஒன்பது கணினிக்கு அதிகாலை மூன்று. திர்சித் அதையும் மாற்றிக் குறித்துக்கொண்டாள். ஆனாலும் நகரவில்லை.

"ஒன்பதையும் சேத்தா சாமி, சேக்காமலா?"

"சேத்துத்தான், தாயே. போயிட்டு வா."

இந்த ஈஸ்டருக்கு மாமியாரின் கைப்பேசி பூசை முடியும்வரை வாய் திறக்கவில்லை. கோயிலை ஒட்டிய அவர் வீட்டு முற்றத்தில் அலுவலகம் மொத்தமும் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மாமியார் கோழிக்குழம்பில் தோய்ந்த இஞ்செரா அப்பத்தை உருண்டையாக்கி, முதல் வாயைத் திர்சித்துக்கே ஊட்டக் கை நீட்டினார்.

"வாயத் தொறடி பொண்ணே. ஒன்பது ஆயிடுச்சு."

ஆகத்தான் செய்திருந்தது. திர்சித் உதட்டை இறுக மூடிக்கொண்டு, இன்னும் ஒரு நிமிடம் என்று ஒரு விரலை உயர்த்தினாள். குழம்பு மாமியாரின் முழங்கைவரை வழிந்தது. கெத்தாஹுனுக்கு வியர்த்தது.

மாமியாரின் மடியில் கைப்பேசி அலறியது: கோழிக்குழம்பு தயார்.

திர்சித் வாயைத் திறந்தாள்.