பலகை பிடிக்கிறவள்

ஊருக்கு வெளியே ஆறு வளைகிற இடத்தில் சேறும் மணலுமாக ஒரு பெரும் பரப்பு உண்டு. விடுமுறை நாளில் உயரமான வண்டிகளை எடுத்துக்கொண்டு அங்கே போகிறவர்கள் எல்லோரும் வீரர்களாகத்தான் போவார்கள். மதியத்துக்குள் அவர்களில் பாதிப் பேருக்குச் சுருதி இறங்கிவிடும். மாட்டிய வண்டியைத் தூக்கிவிடும் ஜாக்கி அண்ணனுக்குப் போன் போட்டு, "அண்ணே, கொஞ்சம் வர முடியுமா?" என்று கேட்பார்கள்.

அண்ணன் உடனே கிளம்பிவிட மாட்டார். சேறா, மணலா, கல்லா? எந்தச் சக்கரம் முங்கியிருக்கு? முன்னாடி பம்பர் இரும்பா, பிளாஸ்டிக்கா? எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் செருப்பை மாட்டுவார். "நான் இங்க மாட்டிக்கிட்டு நிக்கிறேன், நீங்க பேட்டி எடுக்கிறீங்களே" என்று ஒருத்தர் சலித்துக்கொண்டது உண்டு. பிளாஸ்டிக் பம்பரில் ஜாக்கியை வைத்தால் வண்டி மேலே வராது, பம்பர் மட்டும்தான் வரும் என்பது சலித்துக்கொண்டவருக்கு எங்கே தெரியப்போகிறது!

அவருடைய சின்ன லாரியில் மூன்று ஜாக்கிகள் கிடக்கும். குட்டையாகப் பாட்டில் மாதிரி இருப்பது கெட்டித் தரைக்கு. எவ்வளவு பாரம் என்றாலும் முனகாமல் தூக்கும், ஆனால் உயரம் போகாது. வண்டியின் புகைக்குழாய்க் காற்றை ஊதி உப்பவைக்கும் பை மணலுக்கு. அடியில் ஒரு கூரான கல் இருந்தால் அதன் கதை முடிந்தது. மூன்றாவது, ஆள் இடுப்புக்கு மேல் நிற்கும் நெட்டைத் தண்டு ஜாக்கி. சேற்றில் முங்கிய வண்டியை அதுதான் வெளியே கொண்டுவரும். கைப்பிடியை அசந்து விட்டால் தாடையைப் பெயர்த்துவிடுவதும் அதுதான். "இது நல்லவன் மாதிரி வந்து பல்லைக் கழட்டுற ரகம்" என்று அவர் மனைவி அதற்குச் சான்றிதழ் கொடுத்திருந்தாள்.

அவளுக்கு ஊரில் பெயர் பலகைக்கா. ஜாக்கி சேற்றில் புதையாமல் இருக்க அடியில் வைக்கும் பலகை அவள் பொறுப்பு. பழைய கதவு ஒன்றை அறுத்து, இரும்புப் பட்டை அடித்து, தூக்கக் கயிறு கட்டி வைத்திருந்தாள். பலகையைப் பதிப்பது, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பது, யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள் வேலை. கைப்பிடி மட்டும் அவருடையது. ஒவ்வொரு முறை அதை அழுத்துவதற்கு முன்னும் அவர் "கை?" என்று கேட்பார். அவள் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு "வெளியே!" என்பாள். அந்தச் சொல் வராமல் அவர் அழுத்தியதே இல்லை. நடுவில் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த நாட்களில்கூட இந்த இரண்டு வார்த்தை மட்டும் நடக்கும்.

மகளுக்குப் பிரசவம் என்று அவள் தூர நகரத்துக்குப் போனாள். மூன்று மாதத்தில் வருவதாகப் பேச்சு. பிறகு மகள் வேலைக்குத் திரும்பினாள், குழந்தையை யார் பார்ப்பது? பிறகு குழந்தைக்குச் சளி, பிறகு வீடு மாற்றம். ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. சாயங்காலம் போனில் "அங்க எப்படி இருக்கு?" என்று கேட்பாள். "இங்க ஒண்ணும் குறையில்ல" என்பார். வா என்றால் வந்துவிடுவாள், வந்தால் மகள் திண்டாடுவாள் என்று அவருக்கு ஒரு கணக்கு. நான் இல்லாமலே நன்றாகத்தான் இருக்கிறார் போல என்று அவளுக்கு ஒரு கணக்கு. இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தத் தூரத்தைக் கட்டிக் காப்பாற்றினார்கள்.

குறையில்லாத வீட்டின் லட்சணம் இதுதான்: பின்வாசலில் அவளுடைய ரப்பர் பூட்ஸ். பெருக்கும்போது நகர்த்துவார், பெருக்கி முடித்ததும் அதே இடத்தில் வைப்பார். லாரியில் பக்கத்து இருக்கை அவள் உயரத்துக்கு ஏற்றபடி முன்னால் இழுத்துவிடப்பட்டிருந்தது. அதை அவர் பின்னால் தள்ளவே இல்லை. ஏறுகிறவர்கள் முட்டி இடிபட உட்கார்ந்து வருவார்கள். அவருக்கு அவள் வேண்டும். சமைக்க இல்லை, துவைக்க இல்லை, சும்மா பக்கத்தில் வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் அவருக்கு வாய் வரவில்லை.

தொழிலில் அவர் கண்டுபிடித்த வழி கொஞ்சம் விபரீதமானது. "கை?" என்று அவரே கேட்டு, "வெளியே!" என்று அவரே சொல்லிக்கொள்வார். முதலில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். போகப் போக அது வெறும் வாய்ப்பழக்கம் ஆகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அவள் குரல் கேட்ட இடத்தில் ஏதோ ஒரு குரல் இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

ஒரு நாள் மாட்டிக்கொண்டவர் ஒரு பேக்கரிக்காரர். ஊர் எல்லைவரை நடந்து வந்திருந்த அவரை அண்ணன் ஏற்றிக்கொண்டு, முட்டி இடிக்க இடிக்கக் கூட்டிப் போனார். வண்டியின் முன்சக்கரம் அச்சு வரை சேற்றில். பாட்டில் ஜாக்கிக்கு உயரம் பத்தாது. முறிந்த வேர்கள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்ததால் பையும் ஆகாது. நெட்டைத் தண்டுதான். பலகையைப் பதித்தார், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார், இரும்பு பம்பரில் ஜாக்கியின் நாக்கைக் கொடுத்துத் தூக்கினார். சக்கரம் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு சேற்றை விட்டு வந்தது. பேக்கரிக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு உற்சாகமாகக் கல்லைப் பொறுக்கிப் பள்ளத்தில் போட்டார். இனி இறக்க வேண்டியதுதான்.

"கை?" என்றார் அண்ணன். "வெளியே!" என்று தானே சொன்னார். அழுத்தினார்.

"ஐயோ அண்ணே!"

ஒரு கல் சரியாக உட்காரவில்லை என்று பேக்கரிக்காரர் அந்த நேரம் பார்த்துச் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டிருந்தார். வண்டி ஜாக்கித் தண்டில் ஒரு பல் இறங்கியது. கையை உருவிவிட்டார், உறை மட்டும் சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. மனிதர் ஐந்து விரலையும் விரித்து எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"உறை போனா போகுது அண்ணே. நாளைக்கு மாவு பிசைய கை இருக்கே!"

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பிடியை நிமிர்த்தித் தண்டோடு சேர்த்தார், பேக்கரிக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார், லாரிப் படியில் உட்கார்ந்தார். போனை எடுத்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல?" பின்னால் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

நடந்ததைச் சொன்னார். ஒளிக்கவில்லை.

"வெளியேன்னு யார் சொன்னது?"

"நான்தான்."

"நீங்களே கேட்டு, நீங்களேவா? எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"நீ போனதுலேர்ந்து."

"ஒண்ணும் குறையில்ல, ஒண்ணும் குறையில்லன்னு சொன்னீங்களே" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"வண்டி இன்னும் ஜாக்கியிலதான் நிக்குது. கை வைக்கப் பயமா இருக்கு. நீ போன்லயே ஒரு தடவை சொல்லிடேன்."

"நான் பார்க்காம எப்படிங்க சொல்வேன்?"

"அப்ப வந்து பார்த்துச் சொல்லு."

சொல்லிவிட்டார். அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. திரும்பப் பெற நினைப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். அதுவும் நல்லதுதான்.

"போனை அவர்கிட்ட குடுங்க" என்றாள் அவள்.

பேக்கரிக்காரர் போனைக் காதில் வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டினார். பிறகு வண்டியை விட்டு நாலடி விலகி, அண்ணன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்றார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டார். ஒரு பல் ஏற்றி, உறையை ஒரு குச்சியால் இழுத்து, கல்லையும் குச்சியாலேயே தள்ளிச் சரிசெய்தார்கள்.

"கை?" என்றார் அண்ணன்.

"வெளியே!" என்று மறுபடி விலகி நின்ற பேக்கரிக்காரர் கத்தினார்.

வண்டி பல் பல்லாக இறங்கிக் கல்லில் உட்கார்ந்தது. போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வைக்கவே இல்லை, கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அண்ணன் வாங்கிக் காதில் வைத்தார்.

"பலகை ஊறிப்போயிருக்கும். வீட்டுக்குப் போனதும் கழுவி வெயில்ல சாத்துங்க. நான் வர்றப்ப காய்ஞ்சிருக்கணும்."

"பாப்பாவை யார்…"

"அதை நானும் நம்ம பொண்ணும் பேசிக்கிறோம். நீங்க பலகையைப் பாருங்க."

திரும்பி வரும்போது பேக்கரிக்காரரின் வண்டி முன்னால் போயிற்று. ஊர் எல்லையில் நிறுத்தி, இறங்கி வந்து, லாரி ஜன்னலில் தலையை நுழைத்தார்.

"ஆமா, போன்ல அதட்டினது யார் அண்ணே?"

அண்ணன் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். பலகை அங்கே சேறு சொட்டச் சொட்டக் கிடந்தது.

"பலகை பிடிக்கிறவ" என்றார். "வர்றா."