அக்கா வீட்டு வாசலாலை ஓடினன்

இண்டைக்கு விடிய பத்துக் கிலோமீற்றர் ஓடினன். மனுசி ஒண்டரை எண்டுவா, அவவுக்குக் கணக்கு வராது.

ஓடத் தொடங்கி நாலாம் நாள்தான். குருநகர் நாய் ஒண்டு துரத்திப் பார்த்துக் களைச்சுப் படுத்திட்டுது.

நத்தார்ப் பண்டிகைக்கு நான் தன்ரை வீட்டை வரேல்லை எண்டு அக்கா என்னோடை கதைக்கிறதில்லை. இண்டைக்கு அவவின்ரை வாசலாலை ஓடினன், நிக்கேல்லை. முற்றம் கூட்டினவ நிமிர்ந்து பார்த்தவ.

கோயிலடிக்குப் போய் மாதாவைக் கும்பிட்டிட்டு வீட்டை வந்தால், உள்ளுக்கை அக்கா செபமாலையும் கையுமா இருக்கிறா. மனுசி சிரிச்சுக்கொண்டு தேத்தண்ணி ஊத்திறா.

"நீ கோயில் பக்கம் ஓட, இவள் சாகக் கிடக்கிறாள், அவஸ்தைப்பூசுதல் குடுக்கச் சுவாமியைக் கூப்பிடப் போறாய் எண்டு நினைச்சு ஓட்டோ பிடிச்சு வந்தனான்ரா. ஐம்பத்தெட்டு வயசிலை வேறை எதுக்கு ஓடுவாய்?" எண்டா அக்கா.

"ஓடினதெண்டு ஆர் சொன்னது மச்சாள்? வேகமா நடந்திருப்பார்," எண்டா மனுசி.

நத்தார்க் கதையை ஒருத்தரும் எடுக்கேல்லை. அக்கா புட்டும் சாப்பிட்டு, மத்தியானம்தான் போனவ.

நாளைக்குத் தம்பியின்ரை வாசலாலை ஓடப்போறன், அவனும் கதைக்கிறதில்லை. உங்களோடை கோவிச்ச சொந்தம் இருந்தால் கீழை ஊர்ப்பேரைப் போடுங்கோ. சாவகச்சேரி எண்டாலும் ஓடுவன்.