உப்புப் பானையில் ஒரு சக்கரம்

என் பெரியப்பா மகள் தேன்மொழியைச் சாதுவான பெண் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். மலைமேல் குண்டூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவள். அவள் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும்தான் கேட்கும். ஆனால் மனசில் ஒன்றை வைத்தாள் என்றால் வைத்ததுதான். சேந்தமங்கலத்தில் பம்பு வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த மாணிக்கத்தைத் தரையில் இறக்கியவள் அவள். அதற்கு அவள் செய்த வேலை, வாயைத் திறக்காமல் இருந்ததுதான்.

அவள் கணவன் தனபால் மாணிக்கத்தின் பட்டறையில் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். திங்கட்கிழமை நான் ஓட்டுகிற ஜீப்பில் அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கினால் சனிக்கிழமைதான் மலையேறுவான். கிணற்று மோட்டார், போர்வெல் மோட்டார் என்று போய்க்கொண்டிருந்த பட்டறையில், தொண்ணூற்றேழில் மாணிக்கத்துக்குக் கடல்மேல் ஆசை வந்தது. கடலோரத்தில் ஐஸ் கம்பெனியும் ஓட்டலும் பெருகிக்கொண்டிருந்தன, நல்ல தண்ணீர்தான் இல்லை. கடல் தண்ணீரை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி, உப்பை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரை மட்டும் வெளியே விடும் எந்திரம் அப்போதுதான் நம் பக்கம் வர ஆரம்பித்திருந்தது. அதற்கு உயிர் பம்பு. லாரி டயரில் அடிக்கிற காற்றைவிட ஏழெட்டு மடங்கு அழுத்தம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பம்புக்கு யானை விலை, குதிரை விலை சொன்னார்கள். பாதி விலைக்கு நாமே செய்து கொடுத்தால் என்ன என்று மாணிக்கம் நினைத்ததில் தப்பில்லை. அந்த மனுஷருக்கு வியாபாரம் தெரியும். உப்பைத்தான் தெரியாது.

உப்பைத் தெரிந்தவர் ஜாபர் அலி. சேந்தமங்கலத்துக்காரர்தான். வளைகுடாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்றில் வேலை பார்த்தார். விடுமுறையில் வந்தபோது தனபாலிடம், "சாதாரண எவர்சில்வர் கடலுக்குத் தாங்காது தம்பி. டூப்ளெக்ஸ்னு ஒரு எஃகு இருக்கு, அதுதான் நிக்கும்" என்று சொல்லி, பம்பாயில் தெரிந்த ஆள் மூலம் இம்பெல்லர்களை வரவழைத்துக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டார். இம்பெல்லர் என்பது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம். பணம் மாணிக்கத்தின் பணம், வாங்கி வந்தது தனபால்.

சந்தை நாள் ஒன்றில், பட்டறை வாசலில் நாலு பேர் பார்க்க, மாணிக்கம் அந்தச் சக்கரங்களில் காந்தத்தை வைத்தார். எங்கள் பக்கம் குடம் வாங்கினாலும் குண்டா வாங்கினாலும் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர், ஒட்டினால் இரும்புக் கலப்பு. எங்கள் அம்மா முதல் கலெக்டர் சம்சாரம் வரைக்கும் இந்தப் பரீட்சைதான். அன்றைக்குக் காந்தம் டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"அசலை வித்துப்போட்டு இரும்பைக் கொண்டாந்து வெச்சிருக்கான்" என்றார் மாணிக்கம். தனபால் சொன்ன எதுவும் எடுபடவில்லை. ஸ்டேஷனில் ஒரு நாள் உட்கார வைத்தார்கள். திருட்டை நிரூபிக்க ஒன்றும் இல்லாததால் விட்டார்கள். மாணிக்கம் ஒரு சக்கரத்தை அவன் காலடியில் விட்டெறிந்து, "இதக் கொண்டுபோய் உன்ற ஊட்டுல பூட்டு" என்றார். அன்றிலிருந்து சந்தையில் தனபாலுக்குப் பெயர் காந்தத் திருடன். அடிவாரத்தில் எந்தப் பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை.

தேன்மொழி அழவில்லை, கத்தவில்லை. புருஷன் கொண்டுவந்த சக்கரத்தை ஒரு பானையில் போட்டு, கல்லுப்பைக் கரைத்து ஊற்றி, கொல்லைப்புறத்தில் வைத்தாள். "இரும்பா இருந்தா துருப் புடிக்கும். புடிச்சுதுன்னா நானே உங்களக் கொண்டுபோய் ஸ்டேசன்ல விடுவேன்" என்றாள் தனபாலிடம். கட்டினவனையே பானையில் போட்டு ஊறவைத்தவள் என்று நான் இப்போதும் கேலி செய்வேன். பாவம், அவன் தினம் காலையில் பல் விளக்கும் முன் அந்தப் பானையைத்தான் எட்டிப் பார்ப்பான். மழைக்காலம் வந்து போயிற்று. சக்கரத்தில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

அதைத் துணியில் சுற்றிக்கொண்டு தனபால் மாணிக்கத்திடம் போனான். அவர் துணியைப் பிரிக்கக்கூட விடவில்லை. வாசலிலேயே ஆள் வைத்துத் தள்ளிவிட்டார். கிழிந்த சட்டையோடு அவன் என் ஜீப்பில் ஏறினான். சக்கரம் மறுபடி உப்புப் பானைக்கே போயிற்று. எனக்கு அன்றைக்கு மாணிக்கத்தின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் தேன்மொழி பெரியசாமி கோயிலுக்குப் போய்க் காசு வெட்டிப் போட்டாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அநியாயம் செய்தவனைச் சாமி கேட்கட்டும் என்று ஒரு நாணயத்தை உளியால் இரண்டாக வெட்டிச் சாமி முன்னால் போடுவது. போட்டபிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் தண்ணீர்கூடப் புழங்கக் கூடாது. எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் கோயிலுக்கு வந்து, அவன் கையால் கொடுக்கிற தண்ணீரை இவள் குடிக்க வேண்டும். அடிவாரத்துக்காரர்கள் மலையைக் கேலி செய்வார்கள், ஆனால் மலையில் வெட்டிய காசு என்றால் தொடை நடுங்கும்.

மாணிக்கம் காந்தம் ஒட்டாத எஃகில் பம்பு செய்து தொண்டிப் பக்கம் ஐஸ் கம்பெனிக்குக் கொடுத்தார். சில மாதத்தில் சக்கரம் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல ஆயிற்று. மாற்றிக் கொடுத்தார். அதுவும் போயிற்று. இதற்குள் அவர் காதில் காசு வெட்டு விஷயம் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவர் எஃகைப் பற்றி யோசிக்கவே இல்லை. பம்புக்கு அடியில் எலுமிச்சம்பழம் புதைத்தார். மோட்டார் மேல் திருஷ்டிப் பூசணி கட்டினார். எல்லாம் செய்த புண்ணியவான் ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்தில் ஜாபர் அலி வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி வந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நேராக மலையேறி வந்தார்.

"அந்த எஃகு காந்தத்துல ஒட்டத்தான் செய்யும் தங்கச்சி. அதோட சாதி அப்படி. ஒட்டாததுதான் கடல்ல ஓட்டை விழும். நான் இப்பவே போய் அந்தாளுகிட்டச் சொல்லிப்போட்டு வாரேன்" என்றார்.

"வேண்டாங்க பாய்" என்றாள் தேன்மொழி.

தனபாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ என்ன பேசற? என்ற பேரு சுத்தமாகுமல்ல?"

"இத்தன வருசம் கூட இருந்த மனுசன நம்பாம, ஒரு காந்தத்த நம்புனாரு. நீங்க கொண்டுபோயிக் காட்டுனப்பப் பாக்கக்கூட மாட்டேன்னாரு. இப்பச் சாட்சி வெச்சு நிரூபிச்சா, அந்த எஃகு எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அவரு நாலு காசு பாப்பாரு. நீங்க திருடலைன்னு அவரு வாயில வரட்டும். வந்தா அன்னிக்கே நானே எல்லாத்தயும் சொல்றேன்."

நானாக இருந்தால் ஜாபர் அலியைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடியிருப்பேன். "நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். அந்தாளே வந்து கேட்டா மறைக்கவும் மாட்டேன்" என்றார் ஜாபர் அலி. அது அவருடைய நியாயம். மாணிக்கம் வந்து கேட்கவே இல்லை. வளைகுடாவில் இருந்து வந்தவனிடம் போய் நிற்பது கௌரவக் குறைச்சல்.

ஜாபர் அலி தனபாலை வைத்துக்கொண்டு சிறியதாகத் தொழில் தொடங்கினார். மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. நாமக்கல் லாரிகள் எல்லாம் தண்ணீர் லாரி ஆயின. கடலோரத்தில் யாரைக் கேட்டாலும் பம்பு, பம்பு என்றார்கள். சவ்வின் விலை இறங்க இறங்கக் கிராக்கி ஏறியது. கோயம்புத்தூர் பவுண்டரிகளே அந்த எஃகை வார்க்க ஆரம்பித்தன. இத்தனை பெரிய அலையில் மாணிக்கம் மட்டும் கரையில் நின்று எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றில் அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பெரிய ஆர்டர் கிடைத்தது. வீடு, பட்டறை இரண்டையும் அடகு வைத்து எடுத்த ஆர்டர். சாபத்தை வைத்துக்கொண்டு அதில் கைவைக்க அவருக்குத் தைரியம் இல்லை. பழம், பூ, பட்டுப் புடவையோடு என் ஜீப்பிலேயே மலையேறினார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சாமி பெயரைச் சொன்னார்.

கோயிலில் நாலைந்து பேர் இருந்தோம். தேன்மொழி புடவையைத் தொடவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. என்ற ஊட்டுக்காரர் திருடலைன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் அவள் அங்கேயே எஃகு ரகசியத்தைச் சொல்லியிருப்பாள். அவள் முந்தானையில் ஒரு சின்னக் காந்தத்தை முடிந்து கொண்டுவந்திருந்ததை நான் பார்த்தேன்.

மாணிக்கம் பெருந்தன்மையாகச் சிரித்தார். "பழசை எதுக்கும்மா கிளறிக்கிட்டு? அறியாத வயசுல கை நீட்டிட்டான். நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன். நீயும் மன்னிச்சு உடு."

எனக்கு அந்த இடத்திலேயே அவரைத் தூக்கிப் பள்ளத்தில் போடத் தோன்றியது. தனபால் தலையைக் குனிந்துகொண்டான். தேன்மொழி, "சரீங்க" என்றாள். முந்தானை முடிச்சை இறுக்கினாள். கையை நீட்டி, அவர் ஊற்றிய தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். வெட்டிய காசை எடுத்தாயிற்று. மாணிக்கம் கண் கலங்கி, "நீ மகராசிம்மா" என்றார்.

இறங்கும்போது வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். சாபம் போன தெம்பில் வேலையைத் தொடங்கினார். தொழிற்சாலைக்காரர்கள் கேட்டிருந்தது டூப்ளெக்ஸ். கோயம்புத்தூர் பவுண்டரி அசல் டூப்ளெக்ஸ் சக்கரங்களைத்தான் வார்த்து அனுப்பியது. மாணிக்கம் காந்தத்தை எடுத்து வைத்தார். ஒட்டியது. "என்கிட்டயே இரும்பு விக்கறீங்களாடா" என்று பவுண்டரிக்காரர்களைத் திட்டி, அவர்கள் சொல்ல வந்ததைக் காதில் வாங்காமல், அத்தனையையும் திருப்பி அனுப்பினார். ஒட்டாத சரக்காகப் பார்த்து வேறு இடத்தில் வாங்கிப் பூட்டினார். வாசல் தேடி இரண்டாம் தரம் வந்த லட்சுமியையும் அவரே கதவைச் சாத்தி அனுப்பினார்.

அடுத்த வருஷம் கோடைக்குள் அத்தனை பம்பும் அரித்துப்போயின. தொழிற்சாலைக்காரர்கள் எஃகைச் சோதனைச்சாலையில் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று கேஸ் போட்டார்கள். பட்டறைக் கதவுக்குப் பாங்கி பூட்டுப் போட்டது. சந்தையில் இப்போது யாருக்குத் திருடன் என்று பெயர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் மறுபடியும் மலைக்கு வந்தார். இந்தத் தரம் பஸ்ஸில், வெறுங்கையோடு. நான் தேன்மொழி வீட்டில் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வேற யாராச்சும் என்மேல காசு வெட்டிப் போட்டிருக்காங்களா? எடுத்தபொறகும் இப்படி ஆகுதே" என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தேன்மொழிக்கு இல்லை.

கொல்லைப்புறம் போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உப்புத் தண்ணீருக்குள் கைவிட்டுச் சக்கரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். புதுப் பாத்திரம் போல மின்னியது. அதன்மேல் காந்தத்தை வைத்தாள். ஒட்டியது.

"நீங்க அன்னிக்கி விட்டெறிஞ்சதுங்க. அன்னியிலிருந்து உப்புலதான் கெடக்குது. கடலுக்கு நிக்கற எஃகு காந்தத்துல ஒட்டுமாமுங்க."

மாணிக்கம் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காந்தத்தைப் பிடுங்கினார், மறுபடி வைத்தார்.

"இது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"கோயில்ல நின்னப்பவும்?"

"அப்பவும் தெரியுமுங்க."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"நானும் அதத்தானுங்க கேட்டேன்" என்றாள் தேன்மொழி. "ஒரு வார்த்த."

பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். காசு எடுத்தாயிற்று, இனிமேல் தண்ணீர் புழங்கலாம்.