ஸ்டெல்லா ஆன்ட்டி ஏறாத ஜீப்

செய்தி வந்தபோது கம்பெனி வேன் ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. அத்திப்பள்ளி அலுவலகத்திலிருந்து ஓசூருக்குத் திரும்பும் மாலை நேரம். போனில் ஸ்டெல்லா ஆன்ட்டியின் கணவர் தேவராஜ் சார். என்னிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார். அன்று அவருக்குத் தாய்மொழியான தெலுங்குதான் வாயில் வந்தது. "வெள்ளிப்போயிந்தம்மா" என்றார். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் எனக்குத் தெலுங்கு அரைகுறைதான். ஸ்டெல்லா ஆன்ட்டி போய்விட்டார் என்பது மட்டும் உடனே புரிந்தது.

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். நினைவு மலருக்கு நீங்களும் எழுதுங்கள் என்று போதகர் கேட்டபோது தயங்கினேன். ஆன்ட்டியின் ஊழியத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் தெரியும். அவர் வெளிநாட்டில் அந்த ஊழியத்தில் இருந்தபோது இங்கே அவர் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். அவர் மகள் கிரேஸிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

சார் ஒரு கம்பெனியின் டூல்ரூமிலும் ஆன்ட்டி இன்னொரு கம்பெனியின் கேன்டீனிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இனி பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விடுவார்கள் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர்கள் ஆப்பிரிக்காவிலுள்ள மலாவிக்குப் போனார்கள். அங்கே ஒரு மிஷன் பள்ளியில் தண்ணீர்ப் பம்பையும் மாவு மில்லையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், சமையற்கட்டுக்கு ஓர் ஆளும் தேவைப்பட்டார்கள். "பிரசங்கம் பண்ணத் தெரியாத ரெண்டு பேருக்குன்னே கர்த்தர் எடுத்து வெச்சிருந்த வேலை" என்று ஆன்ட்டி சிரித்தார். பெட்டியில் துணியைவிட ராகி மாவும் புளியும் குக்கருக்கு மாற்று ரப்பரும்தான் அதிகம் போயின. இந்த வயசுல உங்களுக்கு இது எதுக்கு என்று கிரேஸ் மட்டும் புறப்படும் நாள்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆன்ட்டி ஒரு மேட்டில் ஏறி நின்று என்னைக் கூப்பிடுவார். அங்கேதான் சிக்னல் கிடைக்குமாம். அந்த மேட்டிலிருந்துதான் அவர்களுடைய அன்றாடம் எனக்கு வந்து சேர்ந்தது. "நம்ம களியேதான் மாலதி. மக்காச்சோளத்துல கிண்டறாங்க, அதனால வெள்ளையா இருக்குது, அவ்வளவுதான்" என்றார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்தவர்; களியை மெல்லாமல் விழுங்கியே பழகியவர். அங்குள்ளவர்கள் மென்று தின்பவர்கள். இவர் உருட்டி உருட்டி விழுங்குவதைப் பார்க்கவே அடுப்படியில் பெண்கள் கூடிவிடுவார்களாம். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் நான் களியை மென்று, அது பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டு திண்டாடியபோது ஆன்ட்டி சிரித்த சிரிப்புக்கு அது சரியாய்ப் போயிற்று என்று சொன்னேன்.

ஓசூரில் தமிழ் புரியாத ஒருவர் எதிரே நின்றால் நமக்கு நாக்கு தானாகக் கன்னடத்துக்கு மாறிவிடும். சாருக்குக் கடல் தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மில்லுக்கு வருகிறவர்களை வாங்க, உட்காருங்க என்பதற்குப் "பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்பார். இந்தியர்களின் வணக்கம் அதுதான் என்று நினைத்து ஊர்ப் பிள்ளைகளும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "கதவத் தொறந்துக்கிட்டு வெளிய வந்தா நண்டு சிண்டெல்லாம் என்னையப் பாத்து பன்னி பன்னின்னு கூப்பிடுது. உங்க சாரால வந்த வினை" என்று ஆன்ட்டி அலுத்துக்கொண்டார். சோளக்காட்டில் யானை இறங்கினால் அங்கேயும் தகரம் தட்டித்தான் விரட்டினார்களாம். "யானைக்கு மட்டும் எல்லா ஊர்லயும் ஒரே பாஷைதான்" என்றார்.

தண்ணீர்க் குடத்தை அவரைத் தூக்க விடமாட்டார்கள். விறகை எடுத்தால் யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். ஊழியம் செய்ய வந்த தனக்கு அவர்கள்தான் ஊழியம் செய்கிறார்கள் என்று வருத்தப்படுவார். அடுப்பை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் அவரை 'அகோகோ' என்று கூப்பிட்டார்கள். பாட்டி என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும்; கிரேஸுக்கு அப்போது குழந்தை இல்லை.

பிறகு கிரேஸ் உண்டானாள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வந்துவிடுவதாக டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அந்தச் சமயத்தில்தான் அங்கே பெருமழை பிடித்தது. வீடிழந்தவர்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக மிஷன் ஜீப் வந்தது. மழையில் பாதை அடைபட்டு அவர் வராமல் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அன்று பாதை திறந்துதான் இருந்தது.

அன்று மாலை என்னைக் கூப்பிட்டார். "ஜீப்பு வந்து நின்னுச்சு மாலதி. அடுப்புல கஞ்சி கொதிச்சிக்கிட்டு இருந்துச்சு. வரிசையா உக்காந்திருந்தாங்க. நான் ஏறல."  பிறகு, கிரேஸை நம்ம வீட்டுக்கே கூட்டிவந்துவிடு, பத்தியம் நீ பார்த்துக்கொள் என்றார்.

கூட்டிவந்தேன். ஆன்ட்டியின் கட்டிலில் கிரேஸும் குழந்தையும் படுத்திருக்க, ஆன்ட்டியின் அடுப்பில் நான் சமைத்தேன். போனை மேடைமேல் சாய்த்துவைத்துக்கொண்டு, பூண்டை நெய்யில் எவ்வளவு நேரம் வதக்குவது என்று ஆன்ட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் உள்ளேயிருந்து கிரேஸின் குரல் வந்தது.

"அக்கா, அந்தப் போனை வெச்சிடுங்க. பூண்டு வதக்க எங்கம்மா ஆப்பிரிக்காவுல இருந்து சொல்லிக்குடுக்க வேண்டாம்."

 இணைப்பு அதற்குள் போயிருக்கக் கூடாதா என்று போனை எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. ஆன்ட்டி, "பொன்னிறமா வந்ததும் எறக்கிடு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

போன வருடம் உடம்பு முடியாமல் இருவரும் திரும்பி வந்தார்கள். கிரேஸ் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், மாத்திரை வாங்கி வந்தாள், சம்பளத்துக்கு ஒரு பெண்ணை வைத்தாள். பேச்சு மட்டும் மாத்திரைக்கு மேல் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையோடு வந்தால், கீழே அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மாடிக்கு வந்து என்னோடு உட்கார்ந்துகொள்வாள். குழந்தை என் வீட்டில்தான் ஓடியாடும். பிறந்தது முதல் அதற்கு என்னைத்தான் தெரியும். மேலே அதன் காலடிச் சத்தம் கேட்கும்போது கீழே அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற நினைப்பு எனக்கு உறுத்திக்கொண்டேயிருக்கும். கீழே தூக்கிவரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "வேணாம். அதுவா வரட்டும்" என்றார்.

மார்கழியில் ஒரு நாள் நானும் ஆன்ட்டியும் ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடுங்களேன் ஆன்ட்டி, அவள் அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்றேன். அவர் கை நிற்கவில்லை.

"கேட்டா மன்னிச்சிருவா. அவ நல்லவ. ஆனா நான் என்னான்னு கேக்கறது? அன்னிக்கு ஏறாதது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல கண்ணு. வாய் வராததைச் சொல்லி மன்னிப்பு வாங்கினா அது ஏமாத்து வேலை. அவ கோவமா இருக்கட்டும். அவ பக்கமும் நியாயம் இருக்குது. அதை அவகிட்ட இருந்து நான் புடுங்கக் கூடாது."

உங்களிடம் சாட்சி சொல்ல எழுந்தபோதெல்லாம் அவர் சுருக்கமாகப் பேசிவிட்டு உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தியாகம் என்ற சொல்லை அவர் தனக்குச் சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை.

அடக்க ஆராதனையில் பேசிய ஒருவர், வீட்டையும் பெற்ற மகளையும் துறந்து கர்த்தரின் பின்னால் போனவர் என்று அவரைப் புகழ்ந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். கிரேஸ் எழுந்து வெளியே போய்விட்டாள். பின்னால் போனேன். செருப்புகள் கிடந்த இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். மார்கழியில் ஆன்ட்டி சொன்னதை அங்கே நின்று சொன்னேன். அவர் சொன்ன சொற்களிலேயே சொன்னேன்.

அவள் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல அக்கா. அப்படியா, எம்பக்கம் நியாயம் இருக்குதா, அப்புறம் ஏம்மா வரலைன்னு நல்லா ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். போட்டுட்டுச் சாப்பிட உக்காந்திருப்போம்."

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதனால் சபையாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மலரில் அவர் மகளைத் துறந்தார் என்று எழுதாதீர்கள். துறந்தவருக்கு அந்த இடம் வலிக்காது. இவருக்குக் கடைசிவரை வலித்தது. சரியென்று பட்டதைச் செய்தார். அதனால் காயம்பட்டவளிடம் சென்று, காயப்படாதே என்று சொல்ல மறுத்தார். அவர் நினைவாக அந்த மறுப்பை நான் வைத்துக்கொள்கிறேன். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கிரேஸிடம் இருப்பது, அம்மாவோடு போடாமல் போன ஒரு மணி நேரச் சண்டை.