பேசாத ராஜாவுக்கு ஒரு மைக்

1. வேண்டாத ஆள்

மைக் செட்காரனைக் கூப்பிட்டு "மைக் வேண்டாம்" என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. வலங்கைமானில் சவுண்ட் சர்வீஸ் வைத்து, காதுகுத்திலிருந்து கும்பாபிஷேகம் வரை பார்த்தவன் நான். என் ஹார்ன் சத்தத்துக்குப் பக்கத்து ஊர் நாய்கள் எழுந்து உட்காரும்.

தஞ்சாவூர் அரண்மனைக்குள், அந்தக் காலத்து ராஜாக்கள் கச்சேரி கேட்ட மண்டபத்தில் இத்தாலிக்காரர்கள் ஒரு ஆபரா போடப்போகிறார்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஆபரா என்றால் மொத்த வசனத்தையும் பாட்டாகவே பாடுகிற நாடகம். அதில் சாகிறவர்கள்கூட நிதானமாகப் பாடிவிட்டுத்தான் சாவார்கள்.

நடத்துகிற அம்மாவின் பெயர் லூச்சியா. நரைத்த தலை, கையில் வாத்தியக்காரர்களுக்குத் தாளம் காட்ட ஒரு குச்சி. அவருக்கு மொழிபெயர்க்க மயிலாடுதுறை மேரி சிஸ்டர் இருந்தார். ரோமாபுரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்துத் திரும்பியவர். எதையும் ஊசி போடுகிற மாதிரிச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

லூச்சியாம்மா என்னை மண்டபத்தின் கடைக்கோடியில் நிறுத்திவிட்டு, மேடையில் நின்று மெதுவாக ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்று பேசுவது போல் கேட்டது. "பாத்தீங்களா, மைக் எதுக்கு?" என்பது அதன் அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது.

"அப்பறம் என்னை எதுக்கு சிஸ்டர் கூப்ட்டீங்க?"

"லைட்டு போடணும். இன்னொண்ணு, இந்த ஊர்ல மைக் எங்க இருக்கோ அங்க பேசறதுக்கு ஆள் வந்துடறாங்களாம். ஒரு மைக்கும் வெளிய வராம பாத்துக்க ஆள் வேணும்ங்கறாங்க. அதுக்கு மைக் செட்காரரே இருந்தா நல்லதாம்."

அந்தம்மா வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஊரை எடைபோட்டுவிட்டார்.

காரணத்தையும் மேரி சிஸ்டர் சொன்னார். தஞ்சாவூர் ராஜசபையில் நடப்பதாக எழுதப்பட்ட கதை அது. எழுதியவர் தஞ்சாவூரைப் பார்த்ததே இல்லை. அந்தக் காலத்தில் இத்தாலியில் முதல் தடவை போட்டபோது, கடைசிக் கட்டத்தில் ஜனங்கள் கூச்சல் போட்டுத் திரையை இழுத்துவிட்டார்கள். அதன் பிறகு யாருமே அதைத் தொடவில்லை. லூச்சியாம்மா பாதி ஆயுளை அதற்குப் பின்னால் அலைந்தே செலவழித்திருக்கிறார்.

"ஒரே ஒரு தடவை, நடுவுல நிக்காம, கடைசி வரைக்கும் பாடிக் கேட்டுடணும்ங்கறாங்க. வேற ஆசை இல்லையாம்."

இதைச் சொல்லும்போது லூச்சியாம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. என் கார்ட்லெஸ் மைக்கைப் பெட்டிக்குள் போட்டு, பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

2. இரண்டு வார்த்தை

மைக்கைப் பூட்டலாம், கலியமூர்த்தி அண்ணனைப் பூட்ட முடியாது. அவர் ரைஸ் மில் அதிபர், விழாக் கமிட்டித் தலைவர். வந்திருந்த அத்தனை இத்தாலிக்காரர்களுக்கும் சாப்பாடு, தங்க இடம், ஜெனரேட்டர் எல்லாம் அவர் உபயம். நல்ல மனுஷர். அவரிடம் இருந்த ஒரே வியாதி, மேடை.

நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முக்கியஸ்தர் எப்போது வருகிறாரோ அப்போது நிகழ்ச்சி நிற்கும். பாடுகிறவர் வாயைத் திறந்தபடியே காத்திருப்பார். பொன்னாடை போர்த்துவார்கள், போட்டோ எடுப்பார்கள், "அண்ணன் இரண்டு வார்த்தை பேசுவார்கள்" என்று அறிவிப்பார்கள். அண்ணனுடைய இரண்டு வார்த்தைக்கு நான் பேட்டரி மாற்றியிருக்கிறேன்.

அவர் போனில் சொன்னார்: "செல்வராசு, அன்னிக்கு அதிராம்பட்டினத்துல ஒரு கல்யாணம். முடிச்சிட்டுத்தான் வருவேன். நான் வந்ததும் நம்ம பசங்க மேடைக்கு வந்து பொன்னாடை போத்துவாங்க. நீ மைக்கை ரெடியா வச்சிரு."

கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர் வருவது சரியாகக் கடைசிக் கட்டத்தில். இத்தாலியில் திரையை இழுத்தார்களே, அதே இடத்தில்.

விஷயத்தைச் சொன்னதும் லூச்சியாம்மா குச்சியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சோறு போடுகிறவரிடமே வராதீர்கள் என்று யார் சொல்வது?

அப்போதுதான் மேடையில் கிடந்த சிம்மாசனத்தைப் பார்த்தேன். அதன் மேல் ஒரு தலைப்பாகை மட்டும் இருந்தது. விசாரித்தால், கடைசிக் கட்டத்தில் ராஜா வருவாராம். பாட்டு கிடையாது, வசனம் கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்காருவதற்கு விமான டிக்கெட் எடுத்து ஆள் கொண்டுவர வசதியில்லாமல், தலைப்பாகையை வைத்தே சமாளிக்க இருந்தார்களாம்.

"சிஸ்டர், இதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கு" என்றேன்.

3. ராஜாவுக்கு வசனம் இல்லை

ராஜா வேஷம் என்றதும் கலியமூர்த்தி அண்ணன் சந்தோஷமாகத்தான் கேட்டார். "வசனம் எத்தனை பக்கம்?"

"ஒண்ணும் இல்லண்ணே. ராஜா பேசமாட்டாரு."

"பேசாத ராஜா எதுக்குப்பா?"

"பேசாம இருந்தாத்தாண்ணே ராஜா. பேசறவரு மந்திரி."

"சரி, முடிஞ்சதும் ரெண்டு வார்த்தை பேசலாமில்ல?"

"முடிஞ்சதும் மைக்கை நானே கொண்டாந்து குடுக்கறேண்ணே. முடியற வரைக்கும் நீங்க ராஜா" என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

4. பொன்னாடை

அறுவடை முடிந்திருந்த நேரம். மண்டபம் நிறைந்துவிட்டது. பாஷை புரியாவிட்டாலும் ஜனங்கள் தொடையில் தாளம் போட்டபடி கேட்டார்கள். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. அந்தக் குண்டு ஆளு எதுக்கு எல்லாரையும் அதட்டறாரு?" என்று ஒருவர் என்னிடம் விசாரித்தார். வில்லன் என்றேன். திருப்தியாகப் போனார்.

கடைசிக் கட்டம் வந்தது. செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்த கதாநாயகி, விஷம் குடித்துவிட்டு ராஜாவின் காலடியில் விழுந்து பாட வேண்டும். கல்யாண வீட்டுச் சந்தனம் கலையாமல் வந்த அண்ணன், தலைப்பாகையோடு சிம்மாசனத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். நான் பின்சுவரை ஒட்டி லைட் போர்டில் இருந்தேன். ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் ஒரு குரல் அவ்வளவு தூரம் வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தது. இத்தனை வருஷம் நான் ஹார்ன் கட்டிச் செய்ததெல்லாம் வெறும் இரைச்சல்தானோ என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அந்த நேரத்தில் இடது பக்கத்திலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய இரண்டு பேர் மேடையேறினார்கள். அண்ணனின் ஆட்கள். பொன்னாடை விஷயத்தை அவர் ரத்து செய்ய மறந்துவிட்டார். அவர்கள் செத்துக்கொண்டிருக்கிற பெண்ணைப் பக்குவமாகத் தாண்டிப் போய், ராஜாவுக்குப் பொன்னாடை போர்த்தி, செல்போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். லூச்சியாம்மாவின் குச்சி மட்டும் நிற்கவே இல்லை. ஜனங்களோ ராஜசபையில் இதெல்லாம் நடக்கும்தானே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் இறங்கினார்கள். அண்ணன் எழுந்தார்.

போச்சு என்று நினைத்தேன். பொன்னாடை விழுந்தால் பேச்சு வரும். அது அவர் உடம்பில் ஊறிய பழக்கம். சட்டைப் பையில் இருந்த பேச்சுத் தாள் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. வாயைத் திறந்தார். கீழே அந்தப் பெண்ணின் குரல் இழை இழையாகக் குறைந்துகொண்டே வந்தது. அவர் குனிந்து பார்த்தார். திறந்த வாயை மூடினார். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து உதறி, குளிரில் தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல் அவளுக்குப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் பொன்னாடை வாங்கித்தான் பார்த்திருக்கிறேன்.

பாட்டு முடிந்தது. வாத்தியங்களும் கடைசி வரை வாசித்து ஓய்ந்தன.

யாரும் கைதட்டவில்லை. நம்ம ஜனங்களுக்கு யாராவது மைக்கில் "நன்றி, வணக்கம்" சொன்னால்தான் முடிந்தது என்று அர்த்தம். லூச்சியாம்மாவுக்கு அது தெரியாது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, திரும்பப் பயந்து நின்றார்.

வேறு வழியில்லை. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். மைக்கை ஆன் செய்து, ஓடிப்போய் அண்ணன் கையில் கொடுத்தேன். சொன்ன சொல் இருக்கிறதல்லவா?

அவர் மைக்கைப் பார்த்தார், போர்வைக்குள் கிடந்த பெண்ணைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு செத்துக் கெடக்குது. நான் என்னத்தய்யா பேசறது?"

அது மண்டபம் முழுக்கக் கேட்டது. மைக்கை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மண்டபம் அதிர்ந்தது. மேரி சிஸ்டர் அவர் சொன்னதை மொழிபெயர்த்ததும் லூச்சியாம்மா திரும்பினார். கைதட்டிய கூட்டத்தைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த ராஜாவைப் பார்த்து, அழுதபடியே கும்பிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிகழ்ச்சியை நிறுத்த வருகிறவரை வாசலில் மறிக்காதீர்கள். மேடையிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். என் மைக் அவர் கையில் அவ்வளவு குறைந்த நேரம் இருந்ததே இல்லை. அவர் பேசியதில் எனக்கு நினைவிருப்பதும் அன்றைய அந்தப் பேச்சு ஒன்றுதான்.