பழுப்புத் தாளில் வெள்ளை ரேகை

விருத்தாசலத்தில் நான் போகும் நூலகத்தில் கதைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும், பழுப்புத் தாளின் ஓரத்தில் வெள்ளைக் களிமண் ரேகை இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். நல்ல இடம் வந்தால் யாரோ பக்கத்தை அழுத்திப் பிடித்திருப்பார்கள். அந்தக் கட்டைவிரல் என்னை ஒருமுறையும் ஏமாற்றியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விரலுக்குச் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டேன். பீங்கான் கம்பெனியில் பொம்மை வார்க்கும் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். நகக்கண்ணெல்லாம் வெள்ளை. புத்தகத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்க விரல் பட்ட புத்தகமாப் பாத்துதாங்க நான் எடுக்கறேன்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "சோப்பு போட்டுக் கழுவிட்டுதாங்க தொடறேன். அப்பவும் ரேகையில நின்னுடுது. இனிமே அழுக்கு பண்ண மாட்டேங்க."

"ஐயோ, நான் குறையா சொல்லலங்க" என்பதற்குள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

அதன்பின் புத்தகங்கள் சுத்தமாகவே வந்தன. எதை எடுப்பதென்று தெரியாமல் திண்டாடினேன். கடைசியில் வெட்கத்தை விட்டு நூலகரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த அம்மாவிடம் எடுத்துச் சொல்லச் சொன்னேன்.

போன வாரம் ஒரு தடித்த நாவலைப் பிரித்தேன். உள்ளே எந்தப் பக்கத்திலும் கறை இல்லை. முதல் பக்கத்தில் மட்டும், கைநாட்டு வைப்பதுபோல் நிதானமாக அழுத்திய ஒரு வெள்ளைக் கட்டைவிரல்.