நூலகத்துக்கு வெளியே ஓர் உருமி

அந்தக் கல்லூரியில் என் கண்ணில் முதலில் பட்டது ஓர் உருமி மேளம். நூலக வாசலில், கழற்றிப் போட்ட காலணிகளுக்கு நடுவே, மழைச்சட்டை ஒன்றைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தது. அதன் சொந்தக்காரர் உள்ளே படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க வருகிறார்கள். நான் பிறந்ததே தேயிலைத் தோட்டத்தில். அதனால் போன சனிக்கிழமை கல்லூரி பார்க்கப் போனேன்.

பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள் நான். படிப்பு கசக்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். அதற்குப் பயந்து ஒருநாள் போகவில்லை, அப்புறம் ஒரு வாரம், அப்படியே நின்றுபோனது. இப்போது தோட்டத்துத் தேநீர்க் கடையில் பயணிகளுக்குக் கேக் வெட்டிக் கொடுக்கிறேன். வெட்டுவது மட்டும் போதவில்லை, செய்யவும் கற்றுக்கொள்ள ஆசை. தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் போகும் சாலையில் உள்ள இந்தச் சிறிய கல்லூரியின் பேக்கரி வகுப்பில் பள்ளியை முடிக்காதவர்களும் சேரலாம். ஆனால் நேரில் போய்ப் பேச வேண்டும். அந்தச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பேசாவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

"காலேஜுன்னா ஆட்டம் பாட்டம்தான்" என்பது அம்மாவின் பயம். என் பயம் வேறு. எல்லாரும் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பேச ஓர் ஆள்கூட இல்லாத இடமாக இருந்துவிட்டால்?

காலை ஏழரைக்குத் தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து கிளம்பி, கோலா தெர்லா பெரிய சாலைக்கு இருபது நிமிடம் நடந்தேன். அங்கே ஒரு வேன் கிடைத்தது. தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய பதினேழு கிலோமீட்டர், நான்கு வெள்ளி கொடுத்தேன்.

"யாரப் பார்க்கப் போற தங்கச்சி?" என்றார் வேன் ஓட்டிய அண்ணன்.

"காலேஜு பார்க்கண்ணே."

"காலேஜுல யார?"

"காலேஜத்தான்."

"அங்க என்னா இருக்கு பார்க்க? ஒரு ஸ்ட்ராபெரிகூட இல்ல லா" என்றார். அதன் பிறகு வழியெல்லாம் அவரே பேசினார். எனக்கு அது வசதியாக இருந்தது.

காய்கறி லோரிகளும் சுற்றுலாக் கார்களும் சேர்ந்து பிரிஞ்சாங்கில் எங்களை நிறுத்திவிட்டன. தானா ராத்தா போய்ச் சேரவே ஒன்றேகால் மணி நேரம் ஆனது. சனிக்கிழமை போகிறவர்கள் ஏழு மணிக்கே சாலைக்கு வந்துவிடுங்கள். தானா ராத்தாவிலிருந்து பஸ்ஸுக்கு இரண்டு வெள்ளி, கால் மணி நேரப் பயணம். பத்து மணிக்குக் கல்லூரி வாசலில் இருந்தேன்.

உருமியின் சொந்தக்காரர் ஒரு பெண். பெயர் பிரேமா, கணக்கியல் மாணவி, ரிங்லெட்காரர். நான் மேளத்தையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அவராகவே வந்து பேசினார்.

"உள்ள கொண்டு போனா லைப்ரரி அக்கா விரட்டுவாங்க. அதான் இங்க காவலுக்கு வெச்சிருக்கேன்."

"படிச்சுக்கிட்டே இதுவுமா?" என்று கேட்டேன். அவ்வளவு பேசியதே எனக்கு அதிகம்.

"அசைன்மென்ட் குடுக்காம பிராக்டிசுக்கு வந்தா எங்க உருமி குரூப்புல அடிக்க விட மாட்டோம். ஓரமா உட்கார்ந்து தாளம்தான் கேட்கணும். அந்த வெட்கத்துக்கே எல்லாரும் படிச்சிருவானுங்க."

பிறகு கேண்டீனைக் காட்டினார். ஒரு மேசையில் நான்கு பேர் ஒரு கணக்குக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசையில் பூப்பந்துக் குழுவுக்குப் பெயர் வைக்கும் சண்டை. அப்புறம் பார்த்தால் அதே ஆட்கள்தான் இரண்டு சண்டைக்கும் மாறி மாறிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். மீ கோரிங் நூடுல்ஸ் மூன்றரை வெள்ளி, ருசி பரவாயில்லை. கல்லூரி தேடுகிறவர்களுக்கு என் யோசனை: விளம்பரத் தாளை நம்பாதீர்கள். நூலகத்தில் பார்த்த முகங்கள் கேண்டீனிலும் சிரித்துக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அடையாள அட்டையோடு பள்ளிச் சான்றிதழின் நகலையும் கொண்டுபோங்கள்.

பதினொரு மணிக்குப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியே மூன்று பேர் உள்ளே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் சுவரோரமாக நின்றேன். எங்கள் தோட்ட ஆபிஸில் அப்படித்தான். கணக்கெழுதும் கிராணி நிமிர்ந்து பார்த்துக் கூப்பிடும்வரை வெளியே நிற்க வேண்டும். நாமாக உள்ளே போனால் மரியாதை இல்லை. உள்ளே இருந்தவர்கள் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார்கள். கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். பிறகு அம்மாவும் மகளுமாக இருவர். பிறகு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால்.

"தங்கச்சி, நம்பர் குடுக்கிறாங்களா?" என்று பின்னால் இருந்த அக்கா கேட்டார்.

"தெரியலக்கா."

"அப்புறம் எதுக்கு லைன்ல நிக்கிற?"

"கூப்பிடுவாங்கன்னு."

"அடிப்பாவி, ஒன்னய பார்த்துத்தான் நாங்க எல்லாம் நிக்கிறோம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. ஆனால் அது கேலிச் சிரிப்பு இல்லை. அவர்களும் என்னைப் போலவே நின்றவர்கள்தானே. உருமியைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போன பிரேமா நின்று பார்த்தார்.

"இன்னும் நிக்கிறியா? கதவு பூட்டல லா. இங்க யாரும் கூப்பிட மாட்டாங்க, நாமதான் போவணும்."

"போம்மா, நீ போனாத்தான் நாங்க போக முடியும்" என்றார் பின்னால் இருந்த அக்கா.

வகுப்பில் எழுந்து நிற்கப் பயந்தவளுக்குப் பின்னால் இப்போது ஒரு வரிசையே நின்றது. கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தேன். கதவைத் தள்ளி உள்ளே போய், அவர்கள் கேட்பதற்கு முன்பே என் பெயரைச் சொன்னேன்.